பயத்துக்கு ஒரு தேதி வேண்டும்

வேலூரில் தோலை வைத்து எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே பள்ளிப் பாடநூல் வரைக்கும் போனது ஒன்றுதான்: சிப்பாயின் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைப்பது. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் 1805 கடைசியில் அந்தப் புதுத் தலைப்பாகையைக் கொண்டுவந்தார். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். கூடவே இலவச இணைப்பாக, அணிவகுப்புக்கு வருகிறவர் நெற்றியில் நாமமோ திருநீறோ இருக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை எல்லோருக்கும் ஒரே அளவு என்று நாலைந்து விதிகள்.

குஞ்சம் எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வியைத் தலைமையகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கோட்டைக்குள் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்டார்கள். மாடு என்றால் பட்டாளத்தில் பாதி போச்சு, பன்றி என்றால் மறுபாதி போச்சு. அரை முழத் தோலில் இரண்டு மதத்துக்காரர்களையும் ஒன்றுசேர்த்த பெருமை கிராடக் துரையையே சேரும்.

எச்சரிக்கவும் ஆள் இருந்தார். முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய், உள்ளே ஏதோ நடக்கப்போகிறது என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னார். நம் பக்கம் நின்று பார்த்தால் காட்டிக்கொடுத்தவர், கிழக்கிந்தியக் கம்பெனி பக்கம் நின்று பார்த்தால் ரிஸ்க் ரிப்போர்ட் கொடுத்தவர். கம்பெனி அந்த ரிப்போர்ட்டை முறைப்படி விசாரித்து, சொன்னவருக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி விலங்கு மாட்டியது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை சிப்பாய்கள் கையில். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து மீட்டார். வெள்ளைக்காரர்கள் நூறு பேருக்கு மேலும், சிப்பாய்கள் அதைவிட மிக அதிகமாகவும் செத்த பிறகு முஸ்தபாவுக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டதாக அறிவித்து வெகுமதி கொடுத்தார்கள். குஞ்சம் வாபஸ். கிராடக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்க்கும் 1807-இல் ஊருக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பெண்டிங்க் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். பெரிய கம்பெனியில் நஷ்டம் காட்டிய மேனேஜருக்குப் பதவி உயர்வு கொடுக்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் வரவு, செலவு, சந்தை, வட்டி என்று எழுதுவார்கள். கெயின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதாரப் பெரியவர் 1936-இல் ஒரு தடித்த புத்தகத்தில், மனிதர்கள் சராசரி கணக்குப் போட்டா முதலீடு செய்கிறார்கள், உள்ளே ஏதோ உந்துகிறது, செய்துவிடுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை நெடுக உள்ள தோல் ஊர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து இதையே சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கதை நெடுக ஒரு கணக்குப்பிள்ளை வருவார். அவர் என் கற்பனை. ஆனால் அவர் இல்லாத தோல் மண்டி கிடையாது. முதலாளி ராத்திரியே எடுத்துவிட்ட முடிவுக்குக் காலையில் வந்து காரணம் எழுதுவது அவர் வேலை.

நாற்றம் கட்டிய மதில்

முதலில் அருவருப்பு. தோல் தொழிலின் மூலதனமே அதுதான்.

உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, முடியை நீக்கி, சதையை வழித்து, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டுவைக்க வேண்டும். நம் வட்டாரத்துக் கரட்டில் ஆவாரை தானாக மண்டிக் கிடக்கும், பணம் போட்டு வளர்க்க வேண்டியதில்லை. 1840-களை ஒட்டி சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் சென்னையில் ஒரு வித்தை செய்தார். ஆவாரம் பட்டையில் பதப்பட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டால் இளமஞ்சள் நிறம் நிலைக்கும். லண்டன் சந்தை அந்த நிறத்தில் மயங்கியது. ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று அதற்குப் பெயரும் வந்தது. 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் தண்டவாளம், சென்னையில் பெரியமேட்டுத் தரகர்கள், அதற்கப்பால் கப்பல். பணம் பண்ண எல்லாம் தயார்.

ஆனால் பணக்காரர்கள் எங்கே? நாற்றத்துக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாதி இந்துப் பணம் நெல்லுக்குப் போகும், நகைக்குப் போகும், வட்டிக்குப் போகும். செத்த மாட்டின் தோலுக்கு வராது. அதனால் இந்தத் தொழிலின் முதல் பெரும் முதலாளிகளாக எழுந்தவர்களில் மிகுதி லப்பைகள் உள்ளிட்ட முஸ்லிம் வியாபாரிகள். குழியில் இறங்கி நின்றவர்களில் மிகுதி தலித்துகள். எந்தச் சுங்கமும், எந்த லைசென்ஸும் கொடுக்க முடியாத பாதுகாப்பை அண்டை வீட்டாரின் மூக்கு கொடுத்தது. ரோமாபுரிப் பேரரசர் வெஸ்பாசியன் பொதுக் கழிப்பறை மூத்திரத்துக்கு வரி போட்டபோது, அதைத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மகன் முகம் சுளித்ததற்கு, அப்பா காசை நீட்டி நாறுகிறதா பார் என்று கேட்டாராம். நம் ஊரில் அந்தப் பரீட்சையைத் தினமும் நடத்தினார்கள். தோலைத் தொடாதவர்களும் அந்தப் பணத்துக்கு வட்டி வாங்கத் தயங்கியதில்லை.

இந்த உலகத்தில் முகத்தில் ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். வேலூருக்குப் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. உணர்ச்சியை மறைக்க ஒரு துண்டு போதும் என்று கண்டுபிடித்த சமூகம், கையை மட்டும் மூடி மனசை மூட மறந்தது. மீதிக் கதை அதனால் வந்தது.

பறி தைத்த துரை

அடுத்து பொறாமை. இதை வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குரோம் உப்பு போட்டுத் தோல் பதனிடும் முறை வந்துவிட்டது. வாரக்கணக்கில் குழியில் கிடக்க வேண்டியது இரண்டொரு நாளில் முடியும். பிலடெல்பியாக்காரர்கள் சென்னை ஆட்டுத் தோலைப் பச்சையாகவே அள்ளிக்கொண்டு போக, இங்கே பட்டைக் குழி வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். அப்போது ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், சென்னை அரசாங்கச் செலவில் தாமே குரோம் தோல் செய்து பார்த்தார். முதலில் என்ன செய்தார் என்கிறீர்கள்? பட்டாளத்து பூட்ஸா, துரைசானி கைப்பையா? கிணற்றில் கவலை இறைக்கும் பறி. தண்ணீரில் சாதாரணத் தோல் சீக்கிரம் அழுகும், குரோம் தோல் தாங்கும். விவசாயி காசு கொடுத்து வாங்கினார். ஒரு அரசாங்கப் பரிசோதனை லாபம் காட்டிய அபூர்வம்.

லாபம்தான் வினையாகப் போனது. நஷ்டம் வந்திருந்தால் சென்னை வெள்ளைக்கார வர்த்தகர்கள் பாராட்டிவிட்டு விஸ்கி குடித்திருப்பார்கள். லாபம் என்றதும் வர்த்தக சபைக்குத் தத்துவம் பொங்கியது. அரசாங்கம் வியாபாரம் செய்யலாமா, தனியார் ஊக்கம் என்ன ஆவது என்று மனு மேல் மனு. லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபு பெரிய தாராளவாத அறிஞர். சென்னைப் பறியை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்காமலே 1910-இல் கூடாது என்று எழுதிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த ஆலையை ரீவா சமஸ்தானத்துக்கு விற்றார்கள்.

பொறாமையிலும் ஒரு நன்மை உண்டு, ஒருவன் கண் வைத்த இடத்தை இன்னொருவன் பார்த்துவிடுவான். 1912-இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டி குரோம் தோல் கம்பெனி தொடங்கினார். அந்தப் பேட்டையே குரோம்பேட்டை ஆனது. நம் வட்டாரத்துப் பட்டைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, “அதெல்லாம் மெட்ராஸ் சமாச்சாரம்” என்றார்கள். கணக்குப்பிள்ளை ஆவாரம் பட்டையின் நிரந்தர மேன்மைகள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

கைசர் கொடுத்த லாபம்

பிறகு ஆசை. இதற்கு ஆலோசகர் தேவைப்பட்டதே இல்லை.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு பூட்ஸ் வேண்டும், பூட்ஸின் மேல்தோலுக்கு நம் கிப்ஸ் வேண்டும். 1916 முதல் அரசாங்கமே விலை கட்டி வாங்க ஆரம்பித்தது. பிரான்சின் சேற்றில் எத்தனை கால் நடக்கிறதோ அத்தனைக்கும் பாலாற்றங்கரையில் குழி வெட்டினார்கள். சகலை மூன்று குழி போட்டால் மச்சான் ஐந்து போட்டார். மச்சானுக்குத் தெரிந்த ஒரே சந்தை ஆய்வு, சகலை வீட்டு வாசலில் நின்ற புது ஜட்கா.

“மொதலாளி, சண்ட முடிஞ்சா இன்னா பண்றது?” என்று கணக்குப்பிள்ளை ஒரு நாள் கேட்டிருப்பார்.

“சண்ட இன்னாத்துக்குப்பா முடியும்?” என்று முதலாளி திருப்பிக் கேட்டிருப்பார். ஐரோப்பியப் பேரரசர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆகவே முதலாளியை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

சண்டை 1918-இல் முடிந்தது. 1919-இல் பச்சைத் தோல் வெளியே போகாமலிருக்க 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே போகிற தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கும். கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்த மாதிரி. அடுத்த வருஷங்களில் உலகச் சந்தை சரிந்தது, 1923-இல் வரியும் 5 சதவீதமானது. ஊறிய தோலுக்கு வாங்க ஆளில்லை. பட்டைக்குக் கடன், உப்புக்குக் கடன், பெரியமேட்டுத் தரகருக்கு முன்பணக் கடன்.

இந்த மந்தம் வருவதற்கு முன்பே ஒரு விசித்திரம் நடந்திருந்தது. போர்க் காசு கொஞ்சம் கைவசம் இருந்த 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி திறந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அள்ளிக் கொடுத்தே பேர் வாங்கினார், அவர் பெயரில் அங்கே 1965-இல் கல்லூரியே வந்தது. கல்லூரிக்குக் கொடுத்த பணத்துக்கு யாரும் வட்டி விகிதம் பார்க்கவில்லை. இறைவன் மேல் இருந்த பக்தியும், ஊர்ப் பெரியவர் என்ற பெருமையும், பக்கத்து ஊர்க்காரன் முந்திவிடுவானோ என்ற தவிப்பும் கலந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் குழிகள் தூர்ந்துவிட்டன. கல்லூரியில் இன்னும் சேர்க்கை நடக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் காட்டாமல் செய்த செலவு என்பது காரணமாக இருக்கலாம்.

டெல்லி மூட்டிய ரோஷம்

சுதந்திரம் வந்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பின்னாளில் அதன் இயக்குநரான நாயுடம்மா, தோலைப் பாதிப் பதத்தில் விற்பது பெரும் இழப்பு, முழுசாக முடித்து விற்றால்தான் காசும் வேலையும் இங்கே நிற்கும் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார். மண்டியில் எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, பாதிப் பதத்திலேயே விற்றார்கள். நூறு வருஷமாக லண்டன் வாங்குகிறது, நமக்கு எதற்குப் புது வம்பு.

1972-இல் சீதாராமையா கமிட்டி ஒரு அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷமே அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசாங்கம் அளவு கட்டியது. முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கத்தொகை. நாயுடம்மாவின் தர்க்கம் அத்தனை வருஷம் செய்யாததை டெல்லியின் ஒரு சுற்றறிக்கை செய்தது. முதலில் அழுகை: தொழில் செத்தது, ஊர் காலி. அடுத்தது ரோஷம்: “நமக்கு ஃபினிஷிங் தெரியாதுன்னா நெனச்சான்?” இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஷேவிங் மெஷின், ஸ்ப்ரே மெஷின், டிரம் என்று வந்து இறங்கின. நேற்றுவரை குழியையும் குச்சியையும் வைத்திருந்தவர், மெஷின்மேல் இருக்கிற இத்தாலியப் பெயரைத் தன் பேரப்பிள்ளை பெயர்போல் உச்சரித்தார். பிறகு ஷூவின் மேல்பாகமான அப்பர், பிறகு முழு ஷூ. ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர் ஒட்டிய ஷூக்கள் ஆம்பூரில் தைக்கப்பட்டன. சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏற ஆரம்பித்தார்கள். தோலே வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாக மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்தும் மாதச் சம்பளத்துக்குப் பெண்கள் வந்தார்கள். அருவருப்பு கட்டிய மதிலில் முதல் பெரிய ஓட்டையைப் போட்டது தையல் மெஷின்.

ரோஷம் போட்ட முதலீடு ஜெயித்தது. ஆனால் ரசீதின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. சந்தை கேட்ட வேகத்துக்கு ஆவாரம் பட்டை தோதுப்படவில்லை. ஒரு காலத்தில் “மெட்ராஸ் சமாச்சாரம்” என்று ஒதுக்கிய குரோம் எல்லா டிரம்மிலும் புகுந்தது. டிரம் சுற்றி முடித்த தண்ணீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்கு. பாலாறு யாருக்கும் மச்சானும் இல்லை, சகலையும் இல்லை. அது புது ஜட்கா வாங்கி யார் வாசலிலும் நிறுத்தவும் இல்லை.

ஜெர்மன்காரன் கால்

1989 கடைசியில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. தோல் பூஞ்சை பிடிக்காமலிருக்க எல்லோரும் பயன்படுத்திய பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. ஜெர்மன்காரனுக்குத் தன் பாதத்தைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. பாதம் அங்கே, வயிற்றைக் கலக்கியது இங்கே.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மருந்தை மாற்றினார்கள். அடையாற்று நிறுவனம் சோதனைக்கும் மாற்று மருந்துக்கும் கைகொடுத்தது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்த மேஸ்திரிகள் வேதியியல் பெயர்களைப் பிழையில்லாமல் சொன்னார்கள். 1994-இல் சில அசோ சாயங்கள் கூடாது என்றான், அதையும் மாற்றினார்கள். நடுவில் 1991-இல், ரூபாயிலேயே கணக்குத் தீர்த்து, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியனே இல்லாமல் போனது. ஒரு வாடிக்கையாளர் கடனைக் கொடுக்காமல் ஓடிப்போவதைப் பார்த்திருக்கிறோம். நாட்டையே எடுத்துக்கொண்டு ஓடியது அப்போதுதான். அதையும் தாங்கினார்கள்.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒருவன் காலுக்காக இவ்வளவு வேகம். கால் கிலோமீட்டர் தள்ளிக் கிணற்றுத் தண்ணீர் நுரைத்ததற்கு? அதற்கு ஒரு மனு பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

நவம்பர் 30

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. தமிழ்நாட்டின் தோல் ஆலைகள் சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பது தீர்ப்பில் பதிவான விவரம். சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று அரசாங்கம் பத்து வருஷம் கெஞ்சியது, அவகாசம் கொடுத்தது. நீதிமன்றமும் வழக்கு நடந்த ஐந்து வருஷம் அவகாசம் கொடுத்துப் பார்த்தது. அவகாசம் என்ற பொருளுக்கு நம் வட்டாரத்தில் எப்போதும் நல்ல கிராக்கி.

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் போடு என்றால் கணக்குப்பிள்ளை எழுதும் குறிப்பைக் கற்பனை செய்ய முடியும்: “வரவு: இல்லை. செலவு: உண்டு. ஆறு: பொது.” டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒரு ஆய்வில் காட்டினார்கள்: ஒரு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, ஒரு ரூபாய் போனால் வரும் வலி அதிகம். கானமனுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் முதலாளிக்கு ஆறு கெட்டால் வலிக்கவில்லை, அவர் கணக்கில் ஆறு இருந்ததே இல்லை. வலி வரவேண்டுமானால் முதலில் அதை அவர் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ஏற்றியது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டம் என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் என்றால் இதுதான். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு நிச்சயதார்த்தப் பிரியாணிச் செலவு. அடுத்த வரிதான் வேலை செய்தது: நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலும் இல்லாத ஆலை மூடப்படும்.

தேதி வந்ததும் பயம் வந்தது. அத்தனை வருஷம் கூடிவராத காரியம் மளமளவென்று கூடிவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று ஊருக்கு ஊர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அவசர அவசரமாக வேலைக்கு வந்தன. கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காராத பங்காளிகள் ஒரே கழிவுக் குழாயில் பங்குதாரர் ஆனார்கள். யார் எவ்வளவு அசுத்தம் அனுப்புகிறார் என்பதில் அதன்பின் நடந்த சண்டைகள் தனிப் புராணம்.

சிரிப்பை இங்கே நிறுத்த வேண்டும். தேதி கொண்டுவந்த பயம் தேதி தாண்டியதும் காலாவதியாகிவிடுகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைச் சுத்தம் செய்யப் போட்ட முதலீடே மனிதர்களைக் கொன்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும். 28 வருஷத்தில் நீதிபதிகள் மாறியிருந்தார்கள், ஆறு அதேதான்.

எட்டு வட்டி

தோல்காரர்களை மட்டும் சொல்லி என்ன? ஒரு தோலில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலையைக் குறைக்கிற வட்டாரம் இது. அதே வட்டாரத்தில், காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிதி நிறுவனம் மாதம் 8 சதவீதம் தருவதாகச் சொன்னபோது, ஓட்டை இருக்கிறதா என்று யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம். வருஷத்தில் போட்ட பணம் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு. இந்த லாபம் சுண்ணாம்புக் குழியிலும் வராது, சுக்கிரதிசையிலும் வராது. 2022-இல் விவகாரம் வெடித்தபோது, காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்ன தொகை சுமார் 6,000 கோடி ரூபாய்.

ஏன் போட்டார்கள்? எதிர்வீட்டுக்காரர் மூன்று மாதமாக எட்டாயிரம் வாங்கினார். அவ்வளவுதான் ஆதாரம். 1916-இல் சகலை வீட்டு ஜட்கா, 2022-இல் எதிர்வீட்டு புல்லட். பேராசை என்று இதை எளிதாகத் திட்டிவிடலாம். பார்த்தால் அதைவிடக் கூச்சமான ஒன்று: நாம் மட்டும் ஏமாளியாக நிற்கிறோமோ என்ற வெட்கம். ஆசைக்காரனுக்குப் புத்தி சொல்லலாம். வெட்கப்பட்டுப் போடுகிறவன் யாரிடமும் கேட்கமாட்டான், கேட்டால் இவ்வளவு நாள் போடாமல் இருந்தது தெரிந்துவிடும்.

தைவான் வந்த பிறகு

இப்போது என்ன நடக்கிறது? உலகம் முழுக்கத் தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியிலும் ரப்பரிலும் செய்த ஸ்னீக்கரை மாட்டிக்கொண்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவான் கம்பெனி ஒன்றின் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், முதலீடு 1,500 கோடி. தோலே இல்லாத ஷூ, தோல் ராஜ்ஜியத்தின் நடுவில். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரில் வயிற்றெரிச்சல் புதுப்பிக்கப்பட்டது.

தோல் குடும்பங்களுக்கு முன்னால் ஒரு முடிவு நிற்கிறது: தோலிலேயே இருப்பதா, ஸ்னீக்கருக்குப் பணம் போடுவதா. தாத்தா காலத்து மானம் ஒரு பக்கம் இழுக்கும். தைவான்காரன் வாசலில் நிற்கும் பஸ் வரிசை இன்னொரு பக்கம் இழுக்கும். இருநூறு வருஷக் கதையைப் பார்த்தால் உணர்ச்சியை விரட்டிவிட்டு முதலீடு செய்யச் சொல்வது வீண் வேலை. ரோஷம் இல்லாவிட்டால் ஆம்பூரில் ஒரு ஷூகூட முழுசாகத் தைத்திருக்க மாட்டார்கள். பெருமை இல்லாவிட்டால் கல்லூரி இல்லை. ஆசையும் ரோஷமும் பெருமையும் கூப்பிடாமலே வந்துவிடும், வாசலில் ஜட்கா நின்றால் போதும். பயம்தான் சோம்பேறி. ஜெர்மன்காரன் தேதி குறித்தான், வந்தது. நீதிபதி தேதி குறித்தார், வந்தது. எட்டு வட்டிக்கு யாரும் தேதி குறிக்கவில்லை, கம்பெனியைப் பூட்டிய பிறகுதான் வந்தது.

ஆகவே புதுசாகப் பணம் போடப்போகிறவர், லாபம் எவ்வளவு என்று கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். எந்த நாளில், என்ன நஷ்டத்தில் கையை எடுத்துக்கொள்வோம் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். உள்ளூர்க்காரன் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் நவம்பர் 30.

முதலாளிக்கு இந்த யோசனை பிடித்துப்போய், கணக்குப்பிள்ளையை அழைத்து உடனே எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“எழுதிட்டியாப்பா?”

“எழுதிட்டேன் மொதலாளி. நவம்பர் முப்பது.”

“எந்த வருஷம்?”

“அத மட்டும் விட்டுவெச்சிருக்கேன். வியாபாரம் எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு எழுதிக்கலாம்.”